பொழுதுபோக்கு: மலையேற்றம்

துறையின் இணையப் பக்கத்துக்காக ஒவ்வோர் ஆய்வு மாணவரும் தன் கல்விப் பின்னணியையும் தனிப்பட்ட ஆர்வங்களையும் எழுதித் தர வேண்டுமாம். பின்னணி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டடப் பொறியியலில் டிப்ளமோ, நடுவில் புத்தி மாறி இயற்பியலில் இளங்கலை, முதுகலை, இப்போது கருந்துளைகளைப் பற்றி ஐந்தாம் ஆண்டாக முனைவர் பட்ட ஆய்வு. ஆர்வங்கள் என்ற இடத்தில்தான் கை நின்றது. உண்மையில் அவனுக்குப் பிடித்தது துணி தேய்ப்பது. இஸ்திரிப் பெட்டி போகிற வழியில் சுருக்கம் ஓடி ஒளிவதைப் பார்த்தால் அப்படி ஒரு நிம்மதி.

"தேய்க்கிறதுன்னு போட்டா லாண்டரியிலதான் வேலை குடுப்பாங்க. மலையேற்றம்னு போடுடா, எல்லாரும் அதைத்தான் போடுறாங்க" என்றாள் அக்கா.

போட்டான். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

பட்டம் வாங்கிய கையோடு ஒரு பேராசிரியையிடம் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவனுடைய இரண்டு வருடக் கனவு. அங்கே காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். நேர்காணலுக்கு அழைத்த கடிதத்தில் அவர் கடைசியாக எழுதியிருந்தார்: "உங்களுக்கும் மலையேற்றம் பிடிக்குமாமே! மலையிலேயே பேசிக்கொள்வோம்."

சனிக்கிழமை காலை, புது ஷூ கடிக்கக் கடிக்க அவர் பின்னால் ஏறினான். அவர் கேள்வி கேட்டார். இவன் பதிலில் பாதி மூச்சாகவே போயிற்று. கால்வாசி மலைகூடத் தாண்டவில்லை, ஒரு பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். இனியும் நடித்தால் உயிர் போகும், உண்மையைச் சொன்னால் வேலை போகும். உயிரே பெரிதென்று பட்டது.

"மன்னிச்சிடுங்க மேடம். நான் மலையே ஏறினதில்ல. சும்மா எழுதிட்டேன். எனக்குப் பிடிச்சது துணி தேய்க்கிறது."

பேராசிரியை அவனையே பார்த்தார். பிறகு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"நானும் சும்மாதான் எழுதினேன், தம்பி. இருபத்தாறு வருஷம் ஆச்சு. வர்ற விருந்தாளிங்க எல்லாரும் மலைக்குப் போலாமான்னு ஆசையா கேக்குறாங்க, எப்படி இல்லைன்னு சொல்றது? முட்டி ரெண்டும் போயிடுச்சு."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் பாறைமேல் காகிதத்தை விரித்து ஒரு மணி நேரம் கணக்கு பேசினார்கள். மூச்சு திரும்பியதும் அவனுக்கு அறிவும் திரும்பியது. அவ்வளவு சந்தோஷமாக அவன் யாரிடமும் இயற்பியல் பேசியதில்லை.

இறங்கும்போது அவர் கேட்டார். "எப்ப வந்து சேர்றீங்க?"

"பட்டம் வாங்கின மறுநாளே, மேடம்" என்றான்.

"சீக்கிரம் வாங்க. இனிமே விருந்தாளிங்களை மலைக்குக் கூட்டிட்டு வர்றது உங்க வேலை."