திரும்பி வர ரெண்டு டிக்கெட்

"விசா கிடைக்கல மலிகா."

ஏழு வருடமாக என் வீட்டுக்காரர் நவ்ஷாத் பாடிவந்த பாட்டு இது. மலேசியாவில், கிள்ளானில், ஒரு சாப்பாட்டுக் கடையில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார். நான் தொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். லீவுக்கு வாங்க என்றால் முதலாளி விடவில்லை என்பார். சரி, நானும் பிள்ளையும் அங்கே வந்து ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் விசா கிடைக்கவில்லை என்பார். மாதம் தவறாமல் பணம் வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். ஆள் மட்டும் வர மாட்டார்.

பொறுத்துத்தான் போனேன். எங்கள் ஒரே மகள் ருக்ஸானாவுக்கு நிக்காஹ் பேசித் தேதி குறித்தபிறகு அந்த மனுஷர் போனில் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நிக்காஹ் சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ‘என் மகளைக் கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டியவர் பெற்ற தகப்பன். வலீயாக நிற்பது என்று அதற்குப் பெயர். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத்தான் தகப்பனின் கூடப்பிறந்த பெரியத்தாவோ சிறியத்தாவோ நிற்பார்கள்.

"எனக்கு லீவு இல்ல. அண்ணன் வலீயா நிக்கட்டும்" என்றார்.

"ஏன், நீங்க மவுத்தாயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டார்.

அவருடைய அண்ணன் ஹமீது சுல்தான் தங்கமான மனிதர். அவர் சம்சாரம் மாஷிதா லாத்தாவுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகும்போது என் காதில் ஓதினாள்.

"ஏழு வருஷம் ஆம்பளை ஊருப் பக்கம் தலைவச்சுப் படுக்கலன்னா, அங்கன ஒரு குடும்பம் இருக்கும் மலிகா. நெருப்பில்லாமப் புகையுமா?"

"உங்க வாயில இருந்துதான் லாத்தா புகையுது" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அந்த வார்த்தை உள்ளுக்குள் தைத்துக்கொண்டு கிடந்தது. பொய் சொல்வானேன், பயந்தேன்.

மறுநாள் கடையில் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தபோது ருக்ஸானா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நம்ம நாட்டுக்காரங்க மலேசியா போக விசாவே வேணாமாம். முப்பது நாள் வரைக்கும் சும்மா போய்ட்டு வரலாமாம்."

மெஷினை நிறுத்தினேன். "எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமாச்சாம்மா."

கேட்டீர்களா கதையை. இரண்டு வருடமாகத் தேவையே இல்லாத விசா எனக்கு இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷர். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அப்படியே எழுந்து பாக்கரின் டிராவல்ஸுக்கு நடந்தேன்.

பாக்கர் எங்கள் தெருப் பையன்தான். மக்காவுக்கு உம்ரா போக எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

"விசா வேணாம்னா எந்திரிச்சு அப்படியே போயிரலாம்னு அர்த்தம் இல்லக்கா" என்று ஆரம்பித்தான். "பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது உயிர் இருக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஃபாரம் நிரப்பணும். தங்குற எடத்தைச் சொல்லணும். செலவுக்குக் கையில பணம் இருக்குன்னு காட்டணும். முக்கியமா, திரும்பி வர டிக்கெட் வேணும். போனமா, பாத்தமா, வந்தமான்னு இருக்கணும், வேலை பாக்கக் கூடாது. இத்தனையும் இருந்தாலும், அங்கன சீட்ல இருக்குற ஆபீசர் வேணாம்னா வேணாம்தான்."

"எல்லாம் இருக்கு. போடு."

"இன்னொண்ணு. புருஷன் அங்கன இருக்காருன்னு சொல்லிறாதீங்க. அங்கனயே தங்கிருவீங்கன்னு சந்தேகப்படுவாங்க. டூர்னு சொல்லுங்க."

"எம் புருஷனைப் பாக்கப் போறதுக்கு நான் எதுக்குடா பொய் சொல்லணும்? ஊரறிய நிக்காஹ் பண்ணினவ நான்." அவன் தலையைச் சொறிந்தான். "இன்னொண்ணு கேளு. திரும்பி வர டிக்கெட் ரெண்டு போடு. ஒண்ணு அவர் பேருல."

"மச்சானுக்கு லீவு கிடைச்சிருச்சா?"

"நான் குடுத்துட்டேன்."

திருச்சி ஏர்போர்ட்டில், பாக்கர் சொன்னது மாதிரியே ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற நாலு பையன்களைத் தனியாக ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். டூர் போகிறோம் என்று நாலு பேரும் ஒரே மாதிரி ஒப்பித்தார்கள், பாவம்.

"அங்க யார் இருக்காங்க?"

"எம் புருஷன் சார்."

"போய் அங்கயே வேலைக்குச் சேர்ந்துருவீங்களா?"

"சார், எம் மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். கடையில கல்யாண ஜாக்கெட் மலையாக் குமிஞ்சு கிடக்கு. அதை விட்டுட்டு அங்கன போய் நான் தட்டு கழுவவா?"

டிக்கெட்டைப் புரட்டினார். "திரும்பி வர ரெண்டு டிக்கெட் இருக்கே?"

"ஒண்ணு அவருக்கு. கூட்டிட்டு வரத்தான் போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்திரையைக் குத்தி, "கூட்டிட்டு வாங்க" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார். விமானம் ஏறுவதற்கு முன்னால்தான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "வாரேன். ஏர்போர்ட்டுக்கு வந்து நில்லுங்க" என்றதோடு வைத்துவிட்டேன். அவர் மாதிரி எனக்கும் போனை வைக்கத் தெரியும்.

கோலாலம்பூரில் இறங்கினேன். அந்த ஊர் ஆபீசர் டிக்கெட்டைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முப்பது நாள் கொடுத்தார். வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் இல்லை. மஹ்மூது என்று ஒருவர், அவருடன் வேலை பார்ப்பவர், என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் எங்க?"

"கடையில ஆளில்ல தங்கச்சி. அதான் என்னை அனுப்பினார்" என்றார் மஹ்மூது, என் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு வருடம் கழித்துப் பெண்டாட்டி வருகிறாள், ஏர்போர்ட்டுக்கு வர நேரமில்லை. மாஷிதா சொன்னதுதான் நிஜம் என்று முடிவே கட்டிவிட்டேன். காரில் வழிநெடுக, அந்தப் பெண் யாராக இருந்தாலும் என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்தேன். அழக் கூடாது என்றும் முடிவு செய்தேன்.

கடைக்கு மேலே மாடி அறை. கதவைத் தள்ளினால் தரையில் விரித்த ஏழு பாய், கொடி நிறையக் கைலி, ஒரு மூலையில் வெங்காய மூட்டை. பொம்பளை வாசனையே இல்லை. நவ்ஷாத் சுவரோரமாக நின்றார். தாடி பாதி நரைத்திருந்தது. இரண்டு கையிலும் எண்ணெய் தெறித்த தழும்பு. சூப்பர்வைசராம். ரொட்டி போடுகிற கை அது.

நான் சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"எதுக்குப் பொய் சொன்னீங்க மச்சான்?"

உட்கார்ந்துவிட்டார். கொரோனா வந்து பழைய கடையை மூடியதோடு அவருடைய வேலை பெர்மிட்டும் செத்துவிட்டது. வேறு கடைக்கு வந்தார். பெர்மிட் எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று இந்த முதலாளி நாளைக் கடத்திவிட்டார். ஊருக்குப் புறப்பட்டால் ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள், இங்கே இருந்தால் தெருவில் பிடிப்பார்கள். ஏர்போர்ட்டுக்கு வராததற்கும் அதுதான் காரணம்.

"கடை, மாடி, கடை. இதுதான் நான் பாத்த மலேசியா" என்றார். "உன்னைக் கூப்பிட்டா இதையெல்லாம் பாத்துருவே. அதான் விசா கிடைக்கலன்னு சொன்னேன்."

இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மஹ்மூதைக் கூப்பிட்டேன். இந்த நிலைமையில் இருப்பவர்கள் ஊருக்குப் போகவே முடியாதா என்று கேட்டேன்.

"முடியும் தங்கச்சி. நாமளா போய் இமிக்ரேஷன் ஆபீஸ்ல நின்னா அபராதம் கட்டச் சொல்லி அனுப்பிருவாங்க. ஆனா இவர் மறுபடி இங்கன வர முடியாது. அதுக்குத்தான் பயப்படுறார்."

"போனா போனதுதான் மலிகா" என்றார் நவ்ஷாத். "அப்புறம் சம்பாத்தியத்துக்கு என்ன செய்வே?"

"ரொட்டி போடுற கை தொண்டியில பரோட்டா போடாதா? மகளை உங்க அண்ணன் கொடுக்கட்டும்னு சொன்ன வாய்க்கு இன்னும் சம்பாத்தியம் கேக்குதோ?"

மறுநாள் காலையில் மூன்று பேரும் அந்த ஆபீஸுக்குப் போனோம். வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். அவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். இழுத்துப் பார்த்தேன், ஆள் அசையவில்லை.

"நடங்க மச்சான், பிளைட் போயிரும்" என்றேன்.

விமானத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்தார், வாயோரம் லேசாகக் கோணியது. நடந்தார்.

உள்ளே சீட்டில் இருந்த ஆபீசர் அம்மா இரண்டு கேள்விதான் கேட்டாள். மஹ்மூது மலாயில் கேட்டு எனக்குச் சொன்னார். பாஸ்போர்ட் எங்கே? ஊருக்குப் போக டிக்கெட் எங்கே? வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவரை, டிக்கெட் வாங்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருந்தாள். இவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். நான் பையைத் திறந்து நவ்ஷாத் பேரிலிருந்த டிக்கெட்டை எடுத்து வைத்தேன். அப்போதுதான் இவரும் அதை முதல் தடவையாகப் பார்த்தார்.

"எப்ப எடுத்தே?"

"நீங்க லீவு இல்லன்னு சொன்னீங்கள்ல, அப்ப."

அபராதத்துக்கு, ஏர்போர்ட்டில் காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். காட்டியும் ஆயிற்று, கட்டியும் ஆயிற்று. அடுத்த வாரம் அதே விமானத்தில், அவர் ஜன்னலோரமும் நான் பக்கத்திலுமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

நிக்காஹ் எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். மாஷிதா என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஊர் வந்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஸ்ரத் மைக்கில் கேட்டார். "பெண்ணோட வலீ யாரு?"

"நான்தான். நவ்ஷாத்."

ஹஸ்ரத் சொல்லிக்கொடுக்க, இவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சொன்னார். "என் மகள் ருக்ஸானாவை..." என்றவர் அதற்கு மேல் போகவில்லை. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. ஹஸ்ரத் திரும்ப எடுத்துக்கொடுத்தார். அப்போதும் வரவில்லை. ருக்ஸானா முக்காட்டுக்குள் என் கையை நெரித்தாள்.

பொம்பளை குரல் அந்தப் பக்கம் கேட்கக் கூடாதுதான். என்ன செய்ய, எனக்குப் பொறுமை கிடையாது. திரையை ஒட்டிப் போய், கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"சொல்லுங்க மச்சான், பிளைட் போயிரும்."

மைக்கில் அவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் மகள் ருக்ஸானாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."