கோட்டுக்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டர்

யோகேஸ்வரன் அளவெடுத்தால் எடுத்ததுதான். பதினாறு வருடமாக மெல்பர்னில் குசினி அலுமாரி செய்து பொருத்துகிறவன். விருந்துக்குப் போன வீட்டில் ஒரு கதவு அரை மில்லிமீட்டர் சரிந்து நின்றால் போதும், சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்ட மனுசன் இரண்டு பலகையில் ஓட்டை போட மூன்று கிழமை நாள் கடத்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவன் மனைவி லக்சிகாவுக்கும் வந்தது.

பலகை என்றது பனிச்சறுக்கு ஸ்கீயை. கருநீலம், ஆளுயரம், லக்சிகா தன் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தானே தனக்கு வாங்கியது. ஸ்கீ வெறும் பலகையாகத்தான் வரும். சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கும் பூட்டைத் தனியாக வாங்கித் திருகாணி போட்டு இறுக்கவேண்டும். பைண்டிங் என்பார்கள். எந்த இடத்தில் இறுக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலகையின் நடுப்பக்கமாகத் தொழிற்சாலைக்காரன் ஒரு கோடு போட்டிருப்பான். சப்பாத்தின் நடுவை அந்தக் கோட்டில் வைத்தால் பொதுவாகச் சரி. கொஞ்சம் முன்னால் தள்ளினால் பலகை சட்டென்று திரும்பும். பின்னால் இழுத்தால் நேரே போகும், ஆனால் திருப்புவதற்கு மெனக்கெடவேண்டும். ஓட்டை போட்டால் போட்டதுதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டாம் தரமும் துளைத்த பலகையை நம்பி ஒருவரும் மலையில் இறங்கமாட்டார்கள்.

கடையில் கொடுத்தால் கோட்டிலேயே பூட்டித் தந்துவிடுவார்கள். லக்சிகா அதற்கு உடன்படவில்லை. "கோடு எல்லாருக்கும் போட்டது. எனக்கு எது சரி எண்டு பார்த்துத்தான் பூட்டவேணும். நீங்கள் போடுங்கோ, உங்கட கை பிழைக்காது," என்றுவிட்டாள்.

யோகேஸ்வரனுக்குக் கோடும் பிரச்சினையில்லை, ஓட்டையும் பிரச்சினையில்லை. அவள் மறுபடி மலைக்குப் போவதுதான் பிரச்சினை. இரண்டு வருடத்துக்கு முந்திய ஆகஸ்டில், அங்கே அது பனிக்காலம், மலையில் விழுந்து இடது முழங்கால் நாரை அறுத்துக்கொண்டாள். சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், ஐஸ் மூட்டை. முதல் கிழமைகளில் அவளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் இவன்தான். இந்தச் சனியன் இனி வேண்டாம் என்று அவள் வாயால் ஒருநாள் வரும் என்று காத்திருந்தான். அவன் தமக்கை இரஞ்சிதமும் டெலிபோனில் "உன்ர மனுசிக்கு விசரோ, பைத்தியமோ?" என்று நாலைந்து தரம் கேட்டுப் பார்த்தாள். லக்சிகா மசியவில்லை. கடைசியில் வாசலுக்கு வந்து சேர்ந்தது இந்தக் கருநீலப் பலகை.

ஆனால் அந்தக் காலைத் தேற்றி எடுத்த ஒன்பது மாதத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவனும் அவன்தான். என்ன பெண்ணப்பா இவள் என்று வாயைப் பிளந்து பார்த்தவன். பிசியோ பத்துத் தரம் மடக்கச் சொன்னால் இவள் பதினைந்து தரம் மடக்குவாள். ஒருநாள் விடிய எழும்பிப் போனால், இடது காலில் மட்டும் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பல் துலக்குகிறாள். "என்ன இது கூத்து?" என்று கேட்டான். "காலோட கதைக்கிறன். அது சொல்லுறதை நான் திருப்பி நம்பப் பழகவேணும்," என்றாள் வாயில் நுரையோடு. அன்றைக்கு வேலைத்தலத்தில் கூட நின்ற வியட்நாம்காரரிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சில ஆம்பிளைகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, என்ன செய்ய.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லக்சிகா கராஜுக்குள் வந்து பலகைகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உங்களுக்கு இடம் முடிவு பண்ண ஏலாமல் கிடக்கு, என்ன?"

"யோசிச்சுத்தான் போடவேணும்," என்றான் அவன், ட்ரில் மெசினைத் துடைத்துக்கொண்டே. மூன்று கிழமையாக அதைத் துடைத்துத் துடைத்தே அது பளபளத்துப் போயிருந்தது.

"அப்ப நான் ஒரு வழி சொல்லுறன்."

லக்சிகா ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்துகளைச் சோதிக்கிற பிரிவில் தாதி. அவர்கள் இடத்தில், எந்தக் குளிசையில் மருந்து இருக்கிறது, எது வெறும் மாவில் செய்த மாத்திரை என்று நோயாளிக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் மனம் விளையாட்டுக் காட்டும். ஸ்கீயையும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்றாள். மலையில் வாடகைக் கடையில் இதே பலகை இருக்கிறது. அதில் பூட்டு ஒரு தண்டில் முன்னுக்குப் பின்னுக்கு நகரும். யோகேஸ்வரன் நகர்த்தவேண்டும், அவள் தெரியாமல் ஓடவேண்டும். நாலு ஓட்டம், நாலு இடம்.

"உண்மையில குளிசை குடுக்கிற ஆளுக்கும் எது எதெண்டு தெரியக்கூடாது," என்றாள். "எங்களிட்ட மூண்டாவது ஆள் இல்லை. நீங்கள்தானே, பரவாயில்லை."

அடுத்த சனிக்கிழமை மவுண்ட் புல்லர் பனிமலைக்குப் போனார்கள். வேலைப் பெட்டியிலிருந்து நீல ஒட்டுநாடாவை எடுத்து, வாடகைப் பலகையில் பூட்டின் பக்கத்தில் இருந்த இலக்கங்களையும் பலகையில் இருந்த கோட்டையும் யோகேஸ்வரன் மறைத்து ஒட்டினான். போன வருடங்களில் அவள் சறுக்கப் போனால் இவன் காரிலேயே பிளாஸ்க்கோடு இருந்துவிடுவான். இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சரிவின் அடியில், பனிக்குள் நின்றான். கால்விரல் பத்தும் விறைத்துப்போயின.

முதல் ஓட்டம் கோட்டில். நன்றாக வந்தாள், கடைசித் திருப்பத்தில் இவனைத் தேடிக் கண்டு கையிலிருந்த சறுக்குக் கோலை உயர்த்தினாள். இரண்டாவதுக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்தான். அதில் அவள் பச்சைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தெருக் கடக்கிறவள் மாதிரி மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். இரண்டு திருப்பத்துக்கு ஒரு தரம் இவன் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். யோகேஸ்வரனுக்கு அது நிரம்பப் பிடித்தது. இப்படியே எண்பது வயதுவரைக்கும் சறுக்கட்டும், எனக்கென்ன என்று நினைத்தான்.

மூன்றாவதுக்குக் கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினான். இது சரிவராது, இதைச் சீக்கிரம் கழித்துவிடலாம் என்பது அவன் எண்ணம்.

மேலே லிஃப்டிலிருந்து இறங்கியவள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. முதல் திருப்பத்திலேயே யோகேஸ்வரனுக்கு விளங்கிவிட்டது. இடது கால், வலது கால் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் ஓட்டம். சும்மா இறங்கவில்லை, மலையை வெட்டி வெட்டி இழைத்துக்கொண்டு வந்தாள். வளைவு ஒவ்வொன்றும் ஒரே அகலம். மேசையில் வைத்துக் கோடு கீறினாலும் அவ்வளவு சீராக வராது. அளவு தெரிந்தவன் கண்ணுக்குத்தானே அது தெரியும். இவள் எனக்கு மனைவியா, இந்த மனுசிக்கா நான் ஐஸ் மூட்டை பிடித்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கோலை உயர்த்துவாள் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் இவனைக் கடந்து, லிஃப்ட் வரிசைவரைக்கும் போய்விட்டாள். பிறகுதான் நினைவு வந்து சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

நாலாவது, ஒரு சென்டிமீட்டர் முன்னால். அதுவும் நல்லதுதான். கோல் உயர்ந்தது, கையாட்டினான், முடிந்தது.

"மூண்டாவது," என்றாள் லக்சிகா மூச்சு வாங்க. "யோசிக்க ஒண்டுமில்லை. மூண்டாவது எது? சொல்லுங்கோ."

அங்கேதான் மனுசன் சறுக்கினான். ஊசி போலக் குளிர், அடித்த ஓட்டத்தில் அவள் முகமெல்லாம் சிவப்பு, தூரத்தில் யாரையோ படுக்கையில் கட்டி மஞ்சள் உடுப்பு மீட்புக்காரர் இறக்கிக்கொண்டு வருகிறார்கள். அதைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முந்தி அந்தப் படுக்கையில் கிடந்தவள் இவள். அவன் வாய் திறந்தது.

"பின்னால ஒண்டு," என்றான்.

"பின்னாலயோ?"

"ஓம்."

லக்சிகா பலகையைப் பார்த்தாள், நீல நாடாவைப் பார்த்தாள். நாடாவை உரித்துப் பார்க்கலாம்தான். ஆனால் நாலாவது ஓட்டத்துக்குப் பூட்டு ஏற்கெனவே நகர்ந்துவிட்டது, தவிரவும் அவள் தன் புருசனின் அளவைச் சரிபார்க்கிற பெண்ணில்லை. "சரி," என்றாள்.

திரும்பி வரும்போது மலையடி ஊரான மான்ஸ்ஃபீல்ட் தாண்டும்வரைக்கும் அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இடது முழங்காலை உள்ளங்கையால் அமத்திக்கொண்டே இருந்தாள்.

"நோகுதோ?"

"இல்லை." அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு முன்னுக்கு நிக்கிற மாதிரித்தான் இருந்தது, தெரியுமே? நூறு வீதம் சொல்லியிருப்பன். பாதம் முன்னுக்கு, உடம்பு நிமிர்ந்து. அவ்வளவு வடிவா இருந்தது. இப்ப நீங்கள் பின்னால எண்டுறீங்கள்."

யோகேஸ்வரன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

"அப்பிடியெண்டால் கால் இன்னும் எனக்குப் பொய்தான் சொல்லுது," என்றாள். "ரெண்டு வருசமா அதைப் பழக்கிறன் எண்டு நினைச்சன். காலை நம்பேலாட்டி மலைக்குப் போய் என்ன செய்யிறது? இந்த முறை விடுவம். வேணுமெண்டால் அந்தப் பலகையை வித்துப்போடலாம்."

அவன் இரண்டு வருடமாகக் காத்திருந்த சொல் அதுதான். வந்துவிட்டது. கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பான். குளிரவில்லை. காலும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்ன ஒரே ஆள் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு பெரிய லொறியை முந்துவது போல் பாவனை பண்ணிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். அவள் ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கவில்லை. இரண்டு காலில் நின்று எல்லாரையும்போலத் துலக்கினாள். அதைப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, தன்மேல்தான். ஒன்பது மாதம் பாயில் கிடந்து மடக்கி மடக்கிச் சேர்த்ததை ஒரே சொல்லில் உடைத்துப் போட்டாயே, பாவி.

புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டான். லக்சிகா காலை முறை வேலைக்குப் போனதும் கராஜ் வெளிச்சத்தைப் போட்டு, பலகைகளைக் கவ்வியில் மாட்டினான். அளவுத்தாளை ஒட்டி, கோட்டிலிருந்து முன்னால் இரண்டு சென்டிமீட்டர் அளந்தான். ஒரு தரம் அளந்தால் போதுமான மனுசன் அன்றைக்கு ஐந்து தரம் அளந்தான். கத்தி முனையால் குறி போட்டான். ஆழம் மீறி அடியால் வெளியே போகாமல் ட்ரில் தண்டில் தடை வளையம் மாட்டினான். முதல் ஓட்டையில் கருநீலச் சுருள் வந்தது, பிறகு வெள்ளை, அதற்குப் பிறகு மரத்தூள். உள்ளே நல்ல மரம் என்று கண்டதும் கை தன்பாட்டில் நிதானமாகிவிட்டது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சொட்டுப் பசை விட்டு, திருகாணியைக் கையாலேயே இறுக்கினான். விழுந்தால் பூட்டு எவ்வளவு இழுவையில் சப்பாத்தை விடவேண்டும் என்பதைக் கடையில் மெசினில் வைத்துச் சோதித்துக்கொண்டு வரவேண்டும். அது தன் வேலையில்லை என்று அவனுக்குத் தெரியும்.

லக்சிகா நாலரைக்கு வந்தாள். முன்னறையில் கம்பளத்தின்மேல் இரண்டு பலகையும் கிடந்தன. பக்கத்தில் அவளுடைய சப்பாத்து. ஒன்றும் கேட்காமல் தாதி உடுப்போடேயே சப்பாத்தை மாட்டி, ஒரு காலை வைத்து அழுத்தினாள். 'டக்' என்று கவ்விப் பிடித்தது. மற்றக் காலையும் வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

கோடு சப்பாத்தின் நடுவுக்குப் பின்னால் இருந்தது.

"இது பின்னால இல்லையே," என்றாள். "இது முன்னுக்கு."

"ரெண்டு சென்டிமீட்டர்."

"மூண்டாவது பின்னால எண்டீங்கள்."

"பொய் சொன்னனான்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தான், கத்தினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவள் சத்தமே போடவில்லை.

"நாலு நாள்," என்றாள். "நாலு நாளா என்ர காலை நான் பொய்யெண்டு நினைச்சனான். ஒரு நோயாளிக்கு நான் இப்பிடிச் செய்தால் என்ர வேலையே போயிடும். உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்."

"நான் பயந்துபோய் வீட்டில இருந்தால் உங்களுக்கு நிம்மதி, என்ன?"

"அப்பிடித்தான் நினைச்சனான்," என்றான் யோகேஸ்வரன். சொல்லும்போது கண் கலங்கியது, துடைக்கவில்லை. "பிழை. உம்மை அப்பிடிப் பார்க்க எனக்கு ஏலாமல் போச்சு."

அவள் பலகைகளைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். முழங்காலை மெல்ல மடக்கினாள், நிமிர்ந்தாள். மறுபடி மடக்கினாள். கால் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் முகத்தில் ஏறுவதை அவன் பார்த்தான். கோபம் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"ரெண்டாவதில பத்திரமா வந்தனான், நாலாவதும் நல்லம். பொய்தான் சொல்லிப்போட்டீங்களே, அதில ஒண்டில பூட்டியிருக்கலாம். ஏன் இதில பூட்டினீங்கள்?"

"மற்ற மூண்டிலயும் நீர் என்னைப் பார்த்துப் பார்த்து வந்தனீர்," என்றான். "மூண்டாவதில என்னைத் தேடேல்லை."

லக்சிகா குனிந்து சப்பாத்துக்குக் கீழே அந்தக் கோட்டை இன்னொரு தரம் பார்த்தாள்.

"இனிப் பார்க்கிறன்," என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு தரமும் கோலைத் தூக்கிக் காட்டுறன். சரியே?"

"வேண்டாம்," என்றான் யோகேஸ்வரன். "நீர் உம்மட பாட்டில போம். நான் கீழ நிப்பன்."