ஏழு-முப்பத்தொன்றாம் பக்கம்

மூன்றாவது தடவையும் அதே கட்டளையைத் தட்டினார் ஜம்புநாதன். மூன்றாவது தடவையும் பச்சைத் திரை அதே ஒற்றை வரியைத் துப்பியது. கொடுத்த விவரம் தவறு.

மணி பதினொன்று பத்து. பத்து நாற்பதுக்கு நாச்சாரம் யூனிட்டோடு இருந்த லைன் செத்துப்போயிருந்தது. நாலு மணிக்கு டில்லிக் குழு இந்த அறைக்குள் நுழையும். இங்கே ஒரு சாவியை அமுக்கினால் ஆறு கிலோமீட்டர் தள்ளி நாச்சாரத்தில் பிரிண்டர் ஓட வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழிலிருந்து, இரண்டு வருஷமாக, இந்த அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

லைனைக் கொன்றது அவரேதான். அதுதான் கொடுமை. மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற அந்த ரவுட்டர் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. நாச்சாரத்துக்குப் போக வேண்டியதை நாச்சாரத்துக்கும், காஞ்சன்பாக்குக்குப் போக வேண்டியதைக் காஞ்சன்பாக்குக்கும் பிரித்து அனுப்பும். எந்த ஊருக்கு எந்த வழி என்று அதன் வயிற்றுக்குள் ஒரு அட்டவணை இருந்தது. மொத்தம் நாற்பத்திரண்டு வரி. டில்லிக்காரர்கள் வருவதற்குள், பெட்டி எண்ணி வைத்திருந்த பழைய பிழைக் கணக்கையெல்லாம் பூஜ்யமாக்கி வைப்போம் என்று நினைத்தார். வழக்கம்போல மேனுவலைத் திறந்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில் மேனுவலைப் பார்க்காமல் ஒரு மிஷினிலும் கை வைத்தவரில்லை. ஏழாம் அத்தியாயம், முப்பத்தொன்றாம் பக்கம். 'க்ளியர்' என்று தட்டினால் பிழைக் கணக்கு மட்டும் அழியும், வேறெதுவும் கெடாது. விரலை வைத்து இரண்டு தரம் படித்தார். தட்டினார். பிழைக் கணக்கு அழிந்தது. கூடவே நாற்பத்திரண்டு வரியும் அழிந்தது.

வரிகளை அவர் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். திரும்ப ஏற்றலாம். ஆனால் அதே மேனுவல் சொன்ன வரிசையில் கொடுத்தால் பெட்டி வாங்க மாட்டேன் என்கிறது.

"ஏமி ஜம்புநாதன்காரு?"

டெபுடி மேனேஜர் சந்திரமோகன். விஜயவாடாக்காரர், ஆறு வயது இளையவர், மெட்ராஸில் படித்தபோது ஹாஸ்டலில் கற்ற தமிழை ஜம்புநாதனிடம் மட்டும் எடுத்து விடுவார். கையில் ஒரு காகிதம்.

"லைன் போச்சா? இல்ல நீங்க போக்கினீங்களா?"

"மேனுவல்ல இருந்தபடிதான் பண்ணினேன் சார்."

"மேனுவல் தப்பா? இத்தனை பெரிய கம்பெனி தப்பு, நம்ம ஜம்புநாதன் கரெக்ட்டு!" சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் காகிதம் மேஜை மேல் விழுந்தது. மெமோ. இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது. "தப்பா நினைக்காதீங்க. ஜி.எம். கேப்பார். நான் ஒரு பேப்பர் குடுத்தேன்னு இருக்கணும்."

இன்னும் பன்னிரண்டு நாளில் ஜம்புநாதனுக்கு பிரமோஷன் இன்டர்வியூ. மூன்றாவது முறை. இரண்டு தடவை இளையவர்கள் தாண்டிப் போனார்கள். பர்சனல் ஃபைலில் ஒரு மெமோ உட்கார்ந்துவிட்டால் நாலாவது முறை என்று ஒன்று கிடையாது. அவருக்குக் கோபம் வரவில்லை. முழங்காலில் வலிதான் வந்தது. மேனுவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினார்.

டெக்னிகல் லைப்ரரியில் அறுநூறு பைண்டர்கள். அத்தனைக்கும் ஒரே ஆள், மங்கையர்க்கரசி. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். தெலுங்குக்காரர்கள் பேரைச் சுருக்கி மங்கம்மா ஆக்கிவிட்டார்கள். புருஷன் தவறி ஆறு வருஷம். கம்பெனி குவார்ட்டர்ஸ் அவள் பேரில் இருந்தது. பத்தாவது படிக்கும் ஒரு பெண், கமலா.

அவள் வேலை எளிமையானது, முடிவே இல்லாதது. வெளிநாட்டிலிருந்து கவர் வரும். உள்ளே கொஞ்சம் புதுப் பக்கங்கள், மேலே ஒரு பிங்க் ஸ்லிப். இன்ன பக்கத்தை எடு, இன்ன பக்கத்தைச் சொருகு. வளையத்தைத் திறந்து எடுப்பாள், சொருகுவாள், படக்கென்று மூடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு பக்கம் இடம் மாறியதில்லை.

ஜம்புநாதன் பைண்டரை விரித்து அவள் முன்னால் வைத்தார். படித் திருப்பத்தில் நின்று புரட்டியபோதுதான் அது அவர் கண்ணில் பட்டிருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்: ரிலீஸ் 5. கீழே பெட்டியை உயிர்ப்பிக்கும்போதெல்லாம் திரையில் முதலில் வரும் எண்ணோ 4.

"ஏம்மா, இந்தப் பக்கம் எப்போ மாத்தினது?"

"பிப்ரவரில சார். அறுபத்து நாலு ஷீட். ஸ்லிப்ல போட்டிருந்தபடி எடுத்துட்டு சொருகினேன்."

"பெட்டில ஓடறது நாலு. நீங்க சொருகினது அஞ்சு."

"புது ப்ரோக்ராம் டேப் வந்திருக்குமே சார்?"

"எங்கே வந்தது? காகிதம் தபால்ல பறந்து வந்துடுத்து. டேப் எந்த கோடவுன்ல யார் அனுமதிக்கு உக்காந்துண்டிருக்கோ. பெட்டி பழசு, புஸ்தகம் புதுசு. நான் நடுவுல."

அவள் பக்கத்தையே பார்த்தாள். "பேப்பர் வந்தா சொருகணும். அதுதான் சார் எனக்குச் சொன்ன வேலை."

"உங்களைச் சொல்லலை. பழைய பக்கம் வேணும். ஒரே ஒரு பக்கம்."

"எரிச்சாச்சு சார். ரூல். எடுத்த பக்கத்தையெல்லாம் பின்னாடி ட்ரம்ல போட்டு எரிச்சு சர்டிபிகேட் எழுதணும். ஒரு ஆபீசர் நின்னு பாத்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"எந்த ஆபீசர் இங்கே வெயில்ல போய் நின்னு பார்க்கறான்? டீயைக் குடிச்சுண்டே போட்டிருப்பான் எவனாவது ஒரு சோம்பேறி." அலுப்பில் அவருக்குக் கிண்டல் வந்தது. "எரிச்சாச்சா, இல்லை எரிச்சாச்சுன்னு எழுதியாச்சா?"

சும்மாதான் கேட்டார். ஆனால் பைண்டரின் வளையத்தை மூடப்போன அவள் கை பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தூறல். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுங்க."

"எதுக்கு?"

"கைக்கு கியான்னு, ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க சார். குடுங்க."

அரை நாள் லீவ் எழுதி வைத்துவிட்டுக் குடையில்லாமல் இறங்கிப் போனாள்.

அவள் திரும்பும்வரை ஜம்புநாதன் பெட்டியை எல்லா வழியிலும் கெஞ்சிப் பார்த்தார். எண்ணை முன்னால் போட்டு, ஊரைப் பின்னால் போட்டு, நடுவில் கமா வைத்து, கமாவை எடுத்து. பெட்டியை விற்ற ஏஜென்ட்டுக்கு டெலக்ஸ் கொடுத்தால் நாளை மறுநாள் பதில் வரும். கேன்டீனிலிருந்து வந்த சாம்பார் சாதம் தட்டிலேயே ஏடு கட்டியது. தவறு, தவறு, தவறு. ஒரு கட்டத்தில் அது பெட்டி சொல்வதாகவே அவருக்குத் தோன்றவில்லை. வீட்டில், ஆபீஸில், எல்லாரும் அவரைப் பார்த்து ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பது இப்போதுதான் எழுத்தில் வருகிறது போலிருந்தது.

இரண்டு இருபதுக்குக் கதவு திறந்தது. மங்கையர்க்கரசி, புடவை முழங்கால்வரை நனைந்து. டிபன் பையிலிருந்து காலி கேரியரை எடுத்து வைத்தாள். அதற்கு அடியிலிருந்து பிரவுன் அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று வந்தது. லேபிளில் நீல மையில் கமலா, டென்த் பி, மேத்ஸ் ரஃப்.

"கேட்ல பையைப் பார்க்கலையா?"

"வெளிய போறப்பதான் சார் பையைப் பாப்பாங்க. உள்ள வர்றப்ப யாரு பாக்குறா." மூச்சு வாங்கினாள். "வீட்டுல இருக்கும்னு போனேன். ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. கிளாஸ் நடுவுல போயி வாங்கினேன். 'ரேப்பு டெஸ்ட் உந்தி மம்மி, நேனு இவ்வனு'ன்னு, நாளைக்கு டெஸ்ட், குடுக்க மாட்டேன்னு எல்லாரு முன்னாடியும் அழறா."

ஜம்புநாதன் நோட்டைத் திறந்தார். சைன் தீட்டா, காஸ் தீட்டா. திருப்பினார். மறுபுறம் அச்சு. ஏழாம் அத்தியாயம். ரிலீஸ் 4.

காலனியில் பாதிக் குழந்தைகள் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த வழவழப்பான வெளிநாட்டுத் தாள். ட்ரம்மில் போட எந்தத் தாய்க்கு மனசு வரும்? அவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் தாள் கட்டு ஒன்று இருந்தது. ஆனால் அது பிரிண்டர் குப்பை. இது எரித்ததாகச் சர்டிபிகேட் எழுதிய பக்கம்.

அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து, அவர் கேட்காமலே முதலில் எச்சரிக்கைக் கட்டத்தைப் படித்தாள். இந்தக் கட்டளை அட்டவணை முழுவதையும் அழித்துவிடும். பிறகு அடுத்த பக்கம், ஏற்றும் முறை. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் தட்டினார்.

"முதல்ல எண்ணு சார். அப்புறம் ஊரு. அப்புறம் ஸ்பேஸ் ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டுன்னுதான் போட்டிருக்கு."

இத்தனை நேரம் அவரைக் கொன்றது ஒரு காலி இடம். முதல் வரியைப் பெட்டி விழுங்கியது. இரண்டாவது, மூன்றாவது. மூன்று நாற்பத்தைந்துக்கு நாச்சாரத்து ஆபரேட்டர் போனில் கத்தினான். "சார், பிரிண்டர் ஓடுது!"

டில்லிக் குழு நாலு இருபதுக்கு வந்து பத்து நிமிஷம் நின்றது. சாவியை அமுக்கினார்கள். நாச்சாரத்திலிருந்து பதில் வந்தது. "இதை போன்லயே கேட்டிருக்கலாமே?" என்று ஒருவர் இந்தியில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், முந்திரி பிஸ்கட் சாப்பிட்டார்கள், போனார்கள்.

சந்திரமோகன் மட்டும் வாசலில் நின்றார். பழைய பக்கத்தைப் பார்த்துத்தான் லைன் வந்தது என்று ஜம்புநாதன் சொல்லியிருந்தார். "சூப்பர். ஆனா மெமோ மெமோதான். நம்பர் போட்டாச்சு. மேனுவல் மேல பழி போடணும்னா ப்ரூஃப் காட்டுங்க. பழைய பக்கம், புதுப் பக்கம், ரெண்டும் சேத்து ஒட்டுங்க. ஒட்டினா மெமோவை நானே கிழிச்சுடறேன். இல்லைன்னா..." தோளைக் குலுக்கினார். "பழசை எங்க பிடிச்சீங்க அது சரி?"

"தேடிப் பார்த்தேன்."

"அதையும் எழுதுங்க."

நாலு நாற்பது. வெள்ளைத் தாளில் 'ஐயா' என்று எழுதிவிட்டு ஜம்புநாதன் நிறுத்தினார். ஒரு பக்கத்தைக் கிழித்து ஒட்டினால் போதும், இன்டர்வியூ பிழைத்தது. அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பின்னால் ஒரு பெண்பிள்ளையின் கணக்கு. பொய் சர்டிபிகேட், கேட் தாண்டிய காகிதம். இந்தக் கம்பெனியில் அது மெமோவோடு நிற்காது. முதலில் சஸ்பென்ஷன், அப்புறம் குவார்ட்டர்ஸ்.

கதவோரத்தில் மங்கையர்க்கரசி. காய்ந்தும் காயாத புடவை. கையில் நாடா கட்டிய ஒரு ஃபைல்.

"ஒட்டி எழுதிடுங்க சார்."

"எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமோ?"

"தெரியும்." அவள் உட்காரவில்லை. "அந்த பிங்க் ஸ்லிப்லயே கீழ போட்டிருந்துச்சு. ரிலீஸ் அஞ்சு ஏத்தினப்புறம் சொருகவும்னு. படிச்சேன் சார். கீழ வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முன்னாடி ஒரு தரம் இப்படிக் கேட்டதுக்கு, உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்னாங்க. அதுலருந்து கேக்குறதில்ல."

"யார் சொன்னா?"

"யாரோ. எல்லாரும்தான்." ஃபைலை மேஜை ஓரத்தில் வைத்தாள். "இதையும் கேப்பாங்க, எடுத்துட்டு வந்தேன். எரிச்ச சர்டிபிகேட். நோட்டை மட்டும் காலையில குடுத்துடுங்க சார், எட்டரைக்கு டெஸ்ட். ஒரு பக்கம் போனா பரவால்ல. அந்தக் கணக்கு அவளுக்கு வரும்."

நின்றாள். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. "மழை விட்டுடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். படியில் செருப்புச் சத்தம், அப்புறம் ஷிப்ட் சங்கு.

ஜம்புநாதன் ஸ்கேலை எடுத்து நோட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில் வைத்தார். கிழிக்க ஒரு விநாடிதான். பின்புறத்தில் ஒரு கோபுரம், அதன் நிழல், நடுவில் முப்பது டிகிரி. உயரம் காண்க. அந்தப் பெண் கண்டிருந்தாள், விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டு.

ஸ்கேலை வைத்துவிட்டு ஃபைலின் நாடாவை அவிழ்த்தார்.

டைப் அடித்த ஒற்றைத் தாள். பிப்ரவரி பதினாறு. ரவுட்டர் மேனுவல், ரிலீஸ் 4, அறுபத்து நான்கு தாள்கள். கீழே கூர்மையில்லாத, உருண்டையான எழுத்தில் மங்கையர்க்கரசி. அதற்கும் கீழே, 'மேற்படி தாள்கள் என் கண் முன்னே எரிக்கப்பட்டன' என்ற வரிக்கு நேராக, சாட்சியின் கையெழுத்து. ஜே-யில் தொடங்கி, பாதியில் பொறுமை இழந்து, வெறும் கோடாக வலதுபுறம் இழுபட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேலே, காய்ந்து பழுப்பேறி, ஒரு டீ டம்ளரின் வட்டம்.

அவர் பார்வை மேஜைக்குப் போனது. முடிக்காத விளக்கக் கடிதத்தின் பக்கத்தில், நாலரைக்குப் பையன் வைத்துவிட்டுப் போன, தொடாத டீ டம்ளர். அதன் அடியில், மெமோவின் மேல், ஈரம் வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.