மோதிர விரல்

கிடார் ரிப்பேர் பார்க்கும் மணிமாறன் என் கிடாரை மேசையில் படுக்கவைப்பதற்குள் நான் மனதுக்குள் அதை எறையூருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே இருக்கும் நாத்தனார் மகள் பிரவீணா ரொம்ப நாளாகக் கேட்கிறாள். இன்றைக்கும் வாசிக்க வரவில்லை என்றால் அவளுக்கே கொடுத்துவிடுவது என்று ஆண்டிமடத்தில் பஸ் ஏறும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. அவர் அரியலூர் வரும்வரை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்.

விக்கிரமங்கலம் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு குடம் தூக்கினேன், ஆபீசில் கீபோர்டு தட்டினேன். கிடார் மட்டும் வரவில்லை. கம்பியை அழுத்தினால் முழங்கை வரை வலி இழுத்தது. பிடிவாதமாக அழுத்தியதில் விரல் நுனியெல்லாம் கொப்புளித்துத் தோல் உரிந்தது. எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். கூடி என்ன புண்ணியம்? பெரம்பலூர் ஹாஸ்டல் மொட்டைமாடியில் கற்றுக்கொண்டது, கல்யாணம், பிள்ளை, வேலை எல்லாவற்றையும் தாண்டிக் கூடவே வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மணிமாறன் கிடாரின் கழுத்தைத் தடவினான். விரலை முகர்ந்து பார்த்தான். சட்டென்று கையைத் துணியில் துடைத்தான்.

"யக்கா, இதுல முந்திரித்தோல் எண்ணெயை யாரு தடவுனது?"

நான் திரும்பிப் பார்த்தேன். அன்பழகன், அதுதான் என் வீட்டுக்காரர், கடையின் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க?"

"நீ கட்டு போட்டுக்கிட்டு கெடந்தப்ப சும்மாதான கெடந்துச்சு. கரையான் அரிச்சிருமேன்னு... மத்ததெல்லாம் வார்னிஷ் அடிச்சிருக்கு. இந்த எடம்தான் வெறும் கட்டையா இருந்துச்சு. பழைய பிரஷ்ஷால கம்பி சந்துல வுட்டு தடவுனேன்."

எங்கள் பக்கம் நிலை, உத்தரம், வேலிக்கால் எதையும் அந்த எண்ணெய் காட்டாமல் விடமாட்டார்கள். தோலில் பட்டால் பொத்துவிடும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். என் விரல் படுகிற இடமாகப் பார்த்துப் பூசியிருக்கிறார், மகராசன்!

"அட மனுஷா, சொல்லித் தொலைக்கக்கூடாதா? இத்தினி நாளா என் கையையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"காஞ்சிருச்சுன்னு நெனச்சேன் வினோ." குரல் உள்ளே போய்விட்டது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு ஆசையாகவும் இருந்தது.

மணிமாறன் கையுறை மாட்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் கழுத்தை மறுபடி மறுபடி துடைத்தான். எண்ணெய் பாதிக் காரணம்தான் என்றான். வெயிலில் கம்பி முறுக்கோடு சும்மா கிடந்ததில் கழுத்து வளைந்து, கம்பிகள் கட்டையை விட்டு மேலே எழும்பிவிட்டனவாம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைச் சாவியால் திருகி வளைவை நிமிர்த்தினான். கம்பிகளைத் தாங்கும் வெள்ளை எலும்புத் துண்டை உருவி, உயரம் குறைய உப்புத்தாளில் தேய்த்தான். பொருத்திப் பார்த்துவிட்டு மறுபடி உருவித் தேய்த்தான். மெல்லிய கம்பிகளாகப் புதிதாக மாட்டினான்.

"வாசிங்கக்கா."

பயமாக இருந்தது. சாக்குச் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. மூன்று விரலைச் சேர்த்து சி கார்டு பிடித்தேன். வெண்ணெயில் விரல் வைத்ததுபோல இறங்கியது. ஜி, டி, எல்லாம் பேசின. கண் நிறைந்துவிட்டது. எல்லாவற்றிலும் கஷ்டமான எஃப் பிடித்தேன். மோதிர விரல் பாதி வழியில் தளர்ந்து, ஒரு கம்பி மட்டும் 'டப்' என்றது.

மணிமாறன் மறுபடி அந்த எலும்புத் துண்டை உருவக் கை நீட்டினான். "இன்னுங் கொஞ்சம் எறக்கலாம். ஆனா கம்பி அடியில மோதி கிர்ருங்கும். அழுத்த ஈஸியா இருக்கும், பரவால்லயா?"

"வேணாம்ப்பா," என்றேன். "கிடாரு சரியா இருக்கு. இது என் வெரலு. இத நான் பாத்துக்குறேன்."

வெளியே நாங்கள் ஊர் திரும்ப வேண்டிய ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்தது. அன்பழகன் எழவில்லை. நான் மோதிர விரலை எடுத்து, உதறி, அதே இடத்தில் மறுபடி வைத்தேன். டப். எடுத்து வைத்தேன். டப். எடுத்து வைத்தேன். இந்த முறை 'டப்'புக்குள்ளிருந்து மெல்லியதாக ஒரு சத்தம் எழுந்து, சற்று நடுங்கி, நின்றது.