ஐந்து தொட்டிகளின் பெயர்கள்

ஐந்தாவது தொட்டியின் குச்சியையும் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். அதிலும் எண் மட்டும்தான். பெயர் இல்லை.

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முகம் கழுவப் போவதாகச் சொல்லிக் கொல்லைக்கு வந்தவள், தக்காளித் தொட்டிகளுக்கு முன்னால் குந்திவிட்டாள்.

அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். திருகாணி டப்பாவுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டுவார். வருடா வருடம் இதுவரை தின்றறியாத ஐந்து ரகத் தக்காளியைத் தேடிப் பிடித்து நட்டு, பழுத்ததும் ருசி பார்த்து மார்க் போடுவார். எல்லாச் செடிக்கும் பெயர் இருக்கும். இந்த வருடம் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று. கேட்டதற்கு, "பேரெல்லாம் மருந்துக்கடையில இருக்கு" என்று சிரித்தார்.

மருந்துக்கடைக்காரி! பிரஷர் மாத்திரை வாங்கப் போனால் அங்கே அரைமணி நேரம் விதைப் பேச்சு. பெண்டாட்டிக்குத் தெரியாத பெயர் அவளுக்குத் தெரியும்.

தங்கை கதவருகில் வந்து நின்றாள். "அக்கா, மருந்துக்கடையம்மா வந்திருக்காங்க."

"அழுதாளா?"

"அழுதாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அதுக்கு வாட்ச் பாத்துட்டா நிப்பேன்? எந்திரிக்கா."

அதற்குள் மருந்துக்கடைக்காரியே கொல்லைக்கு வந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. அதுவும் இவளுக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து இவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"அக்கா, அண்ணன் போன வாரம்கூட..."

"இதுங்க பேரென்ன?" என்று வெட்டினாள். "என்கிட்ட மறைச்சு உன்கிட்ட சொன்னாரே."

"அண்ணனுக்கே தெரியாதுக்கா. நான்தான் விதையைப் பிரிச்சு, நம்பர் போட்டுக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"போன வருஷம் விதைப் புஸ்தகத்துல நீங்க ஒண்ணு காட்டினீங்களாமே, வரி போட்ட பழம். வெடிச்சுப்போய், சப்புனு, வாயில வைக்க முடியல. அதுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்காரு! என்னண்ணே அநியாயம்னு கேட்டா, 'அவ எடுத்தது, நாக்கு பொய் சொல்லுதும்மா'ங்கிறாரு. அதான் பேரை மறைச்சு மருந்தைச் சோதிக்கிற மாதிரி பண்ணலாம்னேன். இந்த வருஷமும் நீங்க எடுத்தது ஒண்ணு இதுல இருக்கு."

இவள் எப்போது எடுத்தாள்? காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தை நீட்டியிருப்பார். தொல்லை தாங்காமல் ஈர விரலால் எதையோ தொட்டிருப்பாள்.

மருந்துக்கடைக்காரி கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "இனி இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

மெல்லிய தாள். பின்பக்கம் எழுத்து தெரிந்தது. இவள் சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"பழுக்க எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம்."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நீயே வெச்சுக்க. நான் தின்னு பாத்து மார்க் போட்டுட்டு வரேன். ஆனா பழத்துல உனக்குப் பங்கு கிடையாது, சொல்லிட்டேன்."

"எனக்குக் கூடாதுதான்க்கா."

குச்சிகளை அந்தந்தத் தொட்டியில் இவள் ஒவ்வொன்றாக ஊன்றினாள். பெயர் தெரிந்தவர் ருசி பார்க்கக் கூடாது. ருசி பார்ப்பவருக்குப் பெயர் தெரியக் கூடாது.