இளஞ்சிவப்பு உப்பு

பிளாக்கரன்ட் பழச்செடி இலைகளின் ஓரம் தீயில் காட்டிய காகிதம்போலக் கருகிச் சுருண்டிருந்தது. முதல் வரிசையில் நாற்பது செடி பார்த்ததும் போகுமிவ் எண்ணுவதை விட்டுவிட்டான். மொத்தம் நானூறு. எல்லாம் அவன் மனைவி லுத்விகா ஒற்றை ஆளாக நட்டு, அடர்ந்து துளிர்க்கட்டும் என்று நட்ட கையோடு தரைமட்டத்துக்கு வெட்டி, மூன்றாண்டு வளர்த்தவை. ஜெர்மனிக்கு அஸ்பாரகஸ் தண்டு அறுக்கும் கூலிவேலைக்குப் போகும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: குதிரைச்சாணம் போட்டாயிற்று, களை மட்டும் பிடுங்கு, வேறு எதையும் கொட்டாதே.

களை பிடுங்கியவனை யார் பாராட்டுவார்கள்? அந்த நேரம் பார்த்து, தீயணைப்பு நிலையக் கூடத்தில் வேளாண் துறை முனைவர் பொறியாளர் ஸ்கோவ்ரோன், "பொட்டாசியமும் போலந்தின் எதிர்காலமும்" என்று ஒன்றரை மணிநேரம் முழங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய போகுமிவ், பொட்டாஷ் என்னும் அந்தப் பொட்டாசிய உரத்தில் எந்த வகை என்று கேட்டால் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டான். மறுநாளே கொட்டகையில் மூட்டையாகக் கிடந்த பொட்டாஷை, அந்த இளஞ்சிவப்பு உப்பைக் கை தாராளமாக இறைத்தான்.

இலை கருகுகிறது என்று கூப்பிட்டதும் ஸ்கோவ்ரோன் வந்தார். புதுச் சப்பாத்து அழுக்காகாமல் வரப்பிலேயே நின்று ஓர் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"பொட்டாஷ் பத்தல. இன்னொரு தடவ போடுங்க."

தான் போட்டது எது என்று போகுமிவ் மெல்லச் சொன்னான். பொறியாளர் நெடுநேரம் தொப்பியைச் சரிசெய்தார்.

"அதுல குளோரைடு இருக்கு. பிளாக்கரன்டுக்கு ஆகாது. நான் பொதுவாத்தானே பேசினேன்? சல்பேட் வகையான்னு கேக்க வேண்டியது உங்க பொறுப்பு."

நிறையத் தண்ணீர் விட்டால் உப்பு கீழே இறங்கலாம், இறங்காமலும் போகலாம் என்று விஞ்ஞானபூர்வமாக அறிவித்துவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று மாலை லுத்விகா போன் செய்தாள். செடிகள் எப்படி என்றாள். நல்லாத்தான் இருக்கு என்றான்.

"நீ 'நல்லாத்தான்'னா எதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்யா. ஒரு இலையப் போட்டோ எடுத்து அனுப்பு."

கொட்டகைக்குப் பின்னால், உப்பு தீர்ந்துபோனதால் பிழைத்த ஒரே செடியைத் தேடிப்பிடித்து எடுத்து அனுப்பினான். அழகாயிருக்கு, சனிக்கிழமை வரேன் என்று பதில் வந்தது. அதைப் படித்ததும் அவன் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினான்.

நான்கு நாள் வானத்தில் பொட்டு மேகமில்லை. குழாயை இழுத்து இழுத்து ஒவ்வொரு தூராக நனைத்தான். வேர் அழுகிவிடுமோ என்று நிறுத்துவான். உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடுமோ என்று மறுபடி திறப்பான்.

சனிக்கிழமை பேருந்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே வரிசைக்குள் வந்து, ஒரு செடியின் தூருக்கருகே குந்தினாள். சுருண்ட இலையை அவள் தொடவில்லை. விரலை ஈரமண்ணில் ஆழமாக விட்டு எடுத்து, உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் தன் சப்பாத்துக்குள் நிரம்புவதுகூடத் தெரியாமல் போகுமிவ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.