சிவப்பு ஒட்டிய பன்னிரண்டு

மலிவு விலை பேஸ் கிட்டார் செய்யும் ஜெங்ஆன் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் லுவோ ஷியுமெய் பதினோரு வருடமாக மாரடிக்கிறாள். ஒரே மரம், ஒரே இயந்திரம். ஆனாலும் ஒன்று கணீரென்று ஒலிக்கும், அடுத்தது கரகரக்கும். மறுநாள் கொள்முதல்காரர் வருகிறார் என்பதால், தயாராக இருந்த முந்நூறு கிட்டாரையும் வாசித்துப் பார்த்துத் தேறிய பன்னிரண்டைத் தனியே எடுத்து வைத்தாள். ராசியாக இருக்கட்டுமென்று, புத்தாண்டுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புக் காகிதத்தை அவற்றில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் பன்னிரண்டும் பழுதுபார்க்கும் மேசையில் கிடந்தன. பழுதுபார்க்கும் பையன் பான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்ணித் தொலைச்ச?"

"சிவப்பு ஒட்டினா பழுதுதானே அக்கா? தேடிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்ல. சும்மா திருப்பி அனுப்பினா மேனேஜர் கத்துவாரு. அதான் எல்லாத்துலயும் கழுத்துல விரல் வைக்கிற ஃபிரெட் கம்பியைக் கொஞ்சம் ராவிவிட்டேன்."

சிவப்பு என்றால் பழுது என்ற விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். சரிசெய்ய நேரமில்லை; வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

கொள்முதல்காரர் பன்னிரண்டையும் வாசித்தார். பன்னிரண்டும் கரகரத்தன.

"அட, இப்பத்தான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு!" என்றார் அவர். "ஒண்ணு நல்லா இருந்து ஒண்ணு மோசமா இருந்தாத்தானே வாங்கினவன் சண்டைக்கு வர்றான்? மீதியையும் இப்படியே பண்ணிடுங்க."

ஷியுமெய் உட்கார்ந்து, இருநூற்று எண்பத்தெட்டு சிவப்புத் துண்டுகளை வெட்டத் தொடங்கினாள்.